புள்ளிவட்டம்

ராத்திரி பதினொன்றே கால்.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அப்டேட் கொடுத்திருந்தேன்,
நூற்று நாற்பது பொட்டலம். முடிந்த கையோடு
அவனியாபுரத்திலிருந்து மூன்று பேர்
ஒரே பைக்கில், ஒரு போட்டோவோடு.
கண்ணீர் அஞ்சலி. நாலுக்கு ஆறு.
விடியறதுக்குள்ள பைபாஸ் வரைக்கும் ஒட்டணும்க்கா.

பெயரைத் தட்டினேன்: சோலையப்பன்.
திரையில் ச தனியாக நின்றது.
பக்கத்தில் இரட்டைக்கொம்பு ஒருபுறம், கால் ஒருபுறம்,
நடுவே புள்ளி புள்ளியாய் ஒரு வட்டம்,
இங்கே ஓர் எழுத்து இருந்திருக்கவேண்டும் என்பதுபோல.
மூவரில் சின்னவன் எட்டிப் பார்த்தான்.
“அப்பா பேர் அப்படி இருக்காதுக்கா.”

மார்க்கரை எடுத்து வெள்ளைத்தாளில் கையால் எழுதி
ஸ்கேன் செய்து ஏற்றினேன்.
விடிந்தபோது பைபாஸ் நெடுக
என் கோணல் கையெழுத்தில் ஒருவர் இறந்திருந்தார்.

ஆர்ச்சைப் போட்டுத் தந்தவன்
மாடியில் பேப்பர் ஏஜென்சி வைத்திருக்கும் துளசிராம்.
“அறிவிப்பைப் படிக்காம அப்டேட் பண்ணா அப்படித்தான் சகாயம்.”
ஆர்ச் என்றால் எங்கம்மாவுக்கு பஸ் ஸ்டாப்.
எனக்கு அது தினமும் காலையில்
வீட்டுப்பாடம் கேட்கிற ஒரு வாத்தியார்.

டம்பிள்வீடுக்கு மாறு என்றார்கள்.
உடைந்தால் நேற்றைக்குத் திரும்பலாமாம்,
மெனுவிலேயே நேற்று இருக்குமாம், முந்தாநாளும்.
கேட்கும்போதே நாக்கில் எச்சில் ஊறியது.
ஆனால் அடியில் ஏதோ ஒன்று மாறினால் போதும்,
மொத்தமும் மறுபடி இறங்கும், ரெண்டு ஜிபி, மூணு ஜிபி.
என் போனில் நாளைக்கு ஒன்றரைதான்.
நேற்றைக்குப் போகலாம்,
அதற்கு இன்றைக்கு டேட்டா இல்லை.

பேங்கில் இருக்கிற பெனிட்டா சொன்னாள்:
“வருஷத்துக்கு ஒருதரம் வர்றத வெச்சுக்கயேன்.
சித்திரைத் திருவிழா மாதிரி, தேதி தெரியும்,
பந்தல் போட்டுட்டுக் காத்திருக்கலாம்.”
அதிலும் இருந்து பார்த்தவள்தான்.
திருவிழா முடிந்து பதினோரு மாசம்
ஒரே இங்க்ஸ்கேப்போடு மல்லுக்கட்டினேன்.
புதுசில் புதுப் பிழை வரும்.
பழசில் அதே பிழை இருக்கும்.

கடைக்கு எதிரே ராயகோபுரம்.
அடித்தளம் உண்டு, உயரமான நிலைக்கால் உண்டு,
மேலே வானம்.
முந்நூறு வருஷம் தாண்டியும்
வெளியீட்டுத் தேதி யாரும் சொல்லவில்லை.
அதற்குள் நுழைந்துதான் ஷேர் ஆட்டோ போகிறது,
அண்டா குண்டானை ஒட்டி அடுக்கியிருக்கிறார்கள்,
நானும் அந்த வழியாகத்தான் டீக்குப் போய்வருகிறேன்.
முடியாத ஒன்றிடம் எனக்குப் பயமில்லை.
ராத்திரி பதினொன்றே காலிடம் பயம்.

கடைசியில் வாய்ட்.
கொஞ்சமாய் இறங்குகிறது, சத்தமில்லாமல் எழுகிறது,
பழைய கெர்னலை நானாகத் தூக்கிப்போடும்வரை
மூலையில் வைத்திருக்கிறது.
நேற்றைக்குத் திரும்ப வழி? இல்லை. தெரிந்தேதான்.
அம்மாவிடம் அந்தப் பெயருக்குப் பொருள் சொன்னது தப்பு.
“சூனியமா? சேசுவே! கடையில யாருடி சூனியம் வெச்சது?”
நான்தாம்மா, என் கையாலயே,
எட்டு ஜிபி பென்டிரைவில்.
அன்று மாலையே கீபோர்டு மேல் ஒரு ஜெபமாலை கிடந்தது.
எடுத்து மானிட்டரில் மாட்டிவிட்டேன்,
ஸ்பேஸ்பாரை அமுக்கிக்கொண்டிருந்தது.

இப்போது அப்டேட் செவ்வாய்க்கிழமை காலை மட்டும்,
கடை திறந்ததும், வாசலில் ஆள் வருமுன்.
முடிந்ததும் முதலில் தட்டுவது
எனக்கு யாரென்றே தெரியாத அந்த மனிதரை.
இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் கால், நடுவில் ச.
சோலையப்பன் முழுசாய் வந்து உட்கார்ந்தால்
அழித்துவிட்டு
அன்றைய முதல் காதுகுத்தை எடுக்கிறேன்.